நானூறு மீட்டருக்கு ஐந்து ஸ்டாப்பிங்

ஆபிதாவுக்கு ஓட வரும் என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது ஓர் ஆடு.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பக்ரீத்துக்கு நாலு நாள் இருந்தது. அவளுடைய அத்தா அப்துல் ரஹீம் திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல்கடை வைத்திருந்தார். கடைத் தூணில் கட்டியிருந்த ஆடு, ஆறாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்காகத் தைத்து அடுக்கியிருந்த யூனிஃபார்ம் சட்டைகளில் மூன்றைத் தின்றுவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கண் தெரிந்த பையன்கள் ஏழு பேர் ஏழு பக்கம் ஓடினார்கள். அந்தச் சந்துக்கு இருப்பதே இரண்டு பக்கம்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பிறவியிலேயே பார்வை இல்லாத ஆபிதா, கழுத்து மணி எங்கே கேட்டதோ அங்கே ஓடினாள். எந்த வீட்டு வாசற்படி எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவள் முழங்காலுக்கு மனப்பாடம். பள்ளிவாசல் திருப்பத்தில் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் உருண்டார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த அப்துல் ரஹீம் முதலில் ஆட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ஞாபகம் வந்து மகளையும் தடவிப் பார்த்தார். இந்த வரிசையை ஆபிதாவின் அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஓடிக்கொண்டேதான் இருந்தாள். பார்வையற்றோர் பள்ளியில் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிற்றைத் தொட்டபடி ஓடினாள். மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறினாள். இருபத்தாறு வயதில், ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் தொலைபேசி ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டே, நானூறு மீட்டரில் நாட்டின் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தாள்.

பார்வை அறவே இல்லாதவர்களின் ஓட்டத்தில் சட்டதிட்டங்கள் கொஞ்சம் வேடிக்கையானவை. ஓடுகிறவர் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் கண் தெரிந்த ஒருவர் வழிகாட்டியாக ஓடுவார். அவரை ‘கைடு’ என்பார்கள். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். கைடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. கோட்டைத் தொடும் வரை கயிற்றை விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடுகிறவர்தான் கோட்டை முதலில் தாண்ட வேண்டும். கைடு அரையடி முந்தினாலும் இருவரும் வெளியே.

அந்தக் கயிற்றை அப்துல் ரஹீமே தைத்துக் கொடுத்தார். இரண்டாக மடித்த பாவாடை நாடா, இரு முனையிலும் கைக்கு ஒரு வளையம். கண்கட்டையும் அவர்தான் தைத்தார். ஓட்ட உடையையும் விடவில்லை. அதில் பாக்கெட் வைத்தார்.

“அத்தா, ஓடுறதுக்கு எதுக்கு பாக்கெட்?”

“பாக்கெட் இல்லாத துணி தச்சுக் குடுத்தா, ரஹீம் பாய் துணியைத் திருடிட்டான்னு சொல்லுவாங்கம்மா.”

ஆபிதாவின் முதல் கைடு தாஹா. சின்னம்மா மகன். நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடினான். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமியார் வீட்டு விருந்து நாலு மாதம் நடந்தது. பதினோரு கிலோ ஏறினான். மாநிலப் போட்டியில் கடைசி ஐம்பது மீட்டர் அவனை ஆபிதாதான் இழுத்துக்கொண்டு போனாள். கைடு இழுக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது, கைடை இழுக்கலாமா என்பது பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டுக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது தாஹா “யா அல்லாஹ்” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நாடாவை விட்டுவிட்டான். ஆபிதா முதலாவதாக வந்தாள். பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

“மன்னிச்சுக்க ஆபிதா,” என்றான் தாஹா தரையில் கிடந்தபடி. “எனக்கு மூச்சு எங்க போச்சுன்னே தெரியல.”

“உன் மாமியார் வீட்ல தேடிப் பாரு,” என்றாள் ஆபிதா.

பாராலிம்பிக் போட்டிக்கான தேசியத் தேர்வு நாலு மாதத்தில் வந்துவிடும். கோச் பிரான்சி கைடு தேடினாள். கைலாசபுரம் டவுன்ஷிப்பிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் ஸ்டேடியத்துக்கு வருகிற, முன்னாள் தடை ஓட்டக்காரி. வாயில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும், கழுத்தில் விசில் இருக்கும். இரண்டுக்கும் இடையில் இடம் கிடைத்தால் பேசுவாள். அவள் கூட்டிவந்த முதல் ஆள் கல்லூரி சாம்பியன். அற்புதமாக ஓடினான். ஆனால் கோட்டைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொள்ளும், ஆபிதாவை விட்டுவிட்டு முந்திப் பாய்வான். மூன்று நாளில் ஒன்பது முறை முந்தினான். ஒன்பது முறையும் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடினான். அதில் ஒரு கை ஆபிதாவுடையது. இரண்டாவது ஆள் போலீஸ் பயிற்சிக்காரன். “லெஃப்ட், ரைட், லெஃப்ட்” என்று அவன் எண்ணிய வேகத்தில் ஆபிதா நடந்தே போயிருக்கலாம்.

ஆபிதா தினமும் வேலைக்குப் போவது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எட்டே முக்காலுக்குக் கிளம்பும் தனியார் டவுன் பஸ்ஸில். ஓட்டுநர் மூக்கன். நடத்துநர் செந்தமிழன், முசிறிக்காரன், வயது இருபத்து நாலு. அவன் அப்பா தமிழ் வாத்தியார். ஆசையாக அந்தப் பெயரை வைத்தார். பிள்ளையின் வாயிலிருந்து நாள் முழுக்க வந்ததெல்லாம் ரைட், ஸ்டாப், ஹோல்டான், புட்போர்டு.

மாம்பழச்சாலையில் ஒரு டைம் ஆபீஸ் இருந்தது. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று நடத்துநர் இறங்கிப்போய்க் கையெழுத்து வாங்கி வரவேண்டும். அவன் வருவதற்குள் மூக்கன் வண்டியை எடுத்துவிடுவார். பின்னால் போட்டி பஸ் வருகிறது என்று காரணம் சொல்வார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷமும் இருந்தது.

அன்றைக்கு ஓர் அம்மாள் பலாப்பழத்தோடு ஏறியிருந்தாள். வண்டி மாம்பழச்சாலையில் நின்றபோது செந்தமிழன் அவளிடம், “அந்தப் பழத்துக்கு லக்கேஜ்—” என்று ஆரம்பித்துவிட்டுக் குதித்து இறங்கினான். வண்டி கிளம்பியது. வெயிலில் சூடான ரோட்டில் ரப்பர் செருப்பு பட்பட்டென்று அடிக்கிற சத்தமும், தோள்பையில் சில்லறை குலுங்குகிற சத்தமும் பின்னாலிருந்து நெருங்கி வருவதை ஆபிதா கேட்டாள். அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் படிக்கட்டு கிரீச்சிட்டது.

“—டிக்கெட் போடணும்மா,” என்று முடித்தான் செந்தமிழன்.

ஆபிதா காதைத் தீட்டிக்கொண்டாள். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. இரைப்பு இல்லை, குரலில் நடுக்கம் இல்லை. ஏதோ நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி பலாப்பழத்தைப் பற்றி விவாதம் செய்துகொண்டிருந்தான்.

அடுத்த மூன்று நாள் அவள் போனில் நேரம் பார்த்தாள். ஐம்பத்தெட்டு விநாடி. ஐம்பத்தேழு. மறுபடி ஐம்பத்தெட்டு. பிரான்சி ஸ்கூட்டரில் அந்தத் தூரத்தைப் போய் மீட்டர் பார்த்துவிட்டு வந்து, வாயிலிருந்த கடலை மிட்டாயை முழுசாக விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “நானூறுக்கு மேல இருக்கு ஆபிதா. செருப்போட. பையோட.”

நாலாம் நாள் ஆபிதா அவனைக் கூப்பிட்டாள்.

“கண்டக்டர், ஒரு நிமிஷம்.”

“சொல்லுங்கக்கா. ராஜகோபுரம் இன்னும் வரல.”

“உங்களுக்கு ஏன் மூச்சு வாங்கல?”

“எதுக்குக்கா வாங்கணும்?”

இவ்வளவு எளிமையான பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. கண்கூடான அதிசயம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்கிறது. யோசித்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோய்ச் சட்டென்று கேட்டாள்:

“என்கூட ஓடி வர்றீங்களா?”

பஸ் முழுக்க அமைதியாகிவிட்டது. பின்சீட்டில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் பாட்டை நிறுத்தினான். “அடி ஆத்தீ,” என்றது ஒரு குரல். மூக்கன் பிரேக் அடித்தார்.

“அக்கா,” என்றான் செந்தமிழன் மெதுவாக, “எனக்கு வீட்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“கிரவுண்டுல!” என்று கத்தினாள் ஆபிதா. “கிரவுண்டுல ஓடுறதுக்குக் கேட்டேன்! பந்தயம்! கையில கயிறு கட்டி!”

கயிறு என்றதும் அமைதி இன்னும் ஆழமாயிற்று.

அவள் மாலையில் வீடு திரும்புவதற்குள் செய்தி ஆற்றைத் தாண்டிச் சந்துக்கு வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் தையல்கடை வாசலில் நின்று, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: “பாய், மனசைத் தேத்திக்கங்க. உங்க பொண்ணு பஸ் கண்டக்டரோட ஓடப்போகுதாம்.”

அப்துல் ரஹீம் மிஷினை நிறுத்தவில்லை. “எத்தனை மீட்டருன்னு கேட்டீங்களா?” என்றார்.

அம்மாவுக்குத்தான் வருத்தம். விஷயம் புரிந்து ஓட ஒப்புக்கொண்ட செந்தமிழன் முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் குச்சியையா என் பொண்ணோட சேத்துக் கட்டப்போறீங்க? ஒரு காத்தடிச்சா ரெண்டு பேரும் உறையூர்ல போய் விழுவாங்களே!” என்றாள். உடனே ஒரு தட்டு பிரியாணி வைத்தாள். பிரான்சி அந்தத் தட்டைப் பிடுங்கி, தாஹாவின் கதையை நினைவுபடுத்தி, பாதியைத் தானே சாப்பிட்டாள்.

பயிற்சியின் முதல் நாள் விடியற்காலை. ஆபிதா கண்ணைக் கட்டிக்கொண்டாள். நாடாவின் ஒரு வளையம் அவள் கையில், மறு வளையம் அவன் கையில். பிரான்சி கையைத் தட்டினாள். செந்தமிழன் உற்சாகமாக, “ரைட்! ரைட், ரைட், ரைட்!” என்றான்.

தடகளப் பாதை எப்போதும் இடது பக்கம்தான் வளையும். ரைட் என்றால் அவனுக்குப் ‘போ’ என்று அர்த்தம். ஆபிதாவுக்கு ‘வலது பக்கம்’. அவள் கீழ்ப்படிகிற பெண். வலது பக்கம் போனாள். இருவரும் மூன்று லேன்களைக் குறுக்கே கடந்து, புல்லைக் கடந்து, நீளம் தாண்டுகிறவர்களின் மணல் குழியில் போய் விழுந்தார்கள்.

“நீங்க ஏன்க்கா திரும்புனீங்க?” என்றான் வாயிலிருந்த மணலைத் துப்பியபடி.

“நீதானே தம்பி ரைட்டுன்னே!”

“ரைட்டுன்னா நேராப் போறதுக்கா!”

இரண்டாம் நாள் அவன் ரைட் என்ற சொல்லை விட்டுவிட்டான். சரியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆபிதாவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு காதருகே காற்று வீசியது. பாதி வழியில் பிரான்சி, வேகத்தைக் கூட்டச் சொல்வதற்காக ஒரு விசில் ஊதினாள். இரண்டு விசில் என்றால் பஸ் போகலாம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். செந்தமிழன் ஆணி அடித்த மாதிரி நின்றான். நாடாவின் மறுமுனையில் ஆபிதா அவனை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் அவன் முன்னாலேயே நின்றாள்.

“யாரு எறங்கணும்?” என்று கேட்டான் பழக்கத்தில்.

அன்றோடு பிரான்சி விசிலைக் கழற்றிப் பையில் போட்டாள்.

மூன்றாம் நாள் ஆபிதாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவனுக்கு ‘வளைவு’, ‘நேர்கோடு’ என்று சொல்ல வரவில்லை, நாக்குக் குழறும். அதைத் தேடுகிற நேரத்தில் வளைவு கடந்துவிடும். ஆனால் ஒன்று மட்டும் அவனுக்குத் தூக்கத்திலும் தவறாது.

“செந்தமிழா, சத்திரத்துலேருந்து நம்ம ஸ்டாப்பிங்கெல்லாம் சொல்லு.”

“சத்திரம், காவேரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம், ராஜகோபுரம்,” என்றான் ஒரே மூச்சில்.

“அவ்வளவுதான். ஓட ஆரம்பிக்கிற இடம் சத்திரம். முதல் வளைவு பாலம். எதிர்ப்பக்க நேர்கோடு மாம்பழச்சாலை. ரெண்டாவது வளைவு அம்மா மண்டபம். கடைசி நேர்கோடு ராஜகோபுரம். கோட்டுக்கு முன்னாடி நெஞ்சை முன்னால தள்ளணும்ல, அதுக்கு ‘எறங்கு’.”

செந்தமிழன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு, “நடுவுல கூட்டமா இருந்தா?” என்றான்.

“யாராவது பக்கத்துல வந்தா சொல்லு.”

“போட்டி பஸ்ஸு வருதுன்னு சொல்றேன்க்கா.”

அன்று அவர்கள் அறுபத்தோரு விநாடியில் வந்தார்கள். “காவேரிப் பாலம்! பாலமெல்லாம் முன்னால வா!” என்று அவன் முழங்கியபோது ஆபிதாவின் கால் தானாக இடது பக்கம் சாய்ந்தது. எத்தனையோ வருஷம் அந்தப் பாலத்தில் பஸ் திரும்பும்போது சாய்ந்த உடம்பு அது. ஸ்டேடியத்தில் நடை போடுகிறவர்கள் நாலைந்து பேர், பஸ் உள்ளே வந்துவிட்டதோ என்று ஓரம் கட்டினார்கள்.

ஒரே ஒரு குறைதான் மிச்சம். வண்டி நிற்பதற்கு முன்பே முதலில் குதிப்பவன் நடத்துநர். கோடு நெருங்கினால் செந்தமிழனின் கால் தானாக முன்னால் போய்விடும். பத்து முறை ஓடினால் ஆறு முறை முந்தினான். பிரான்சி கெஞ்சினாள், திட்டினாள், கடலை மிட்டாயைக் காட்டி மிரட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் ஆபிதா கேட்டாள்: “கடைசி ஸ்டாப்பிங்ல நீ எப்ப எறங்குவ?”

“ஸ்ரீரங்கத்துலயா? எல்லாரும் எறங்குன அப்புறம்தான்க்கா. சீட்டுல யாராவது குடை, சாப்பாட்டுப் பை விட்டுட்டுப் போயிருக்காங்களான்னு பாக்கணும்ல.”

“அப்ப அதைப் பாரு. ‘எறங்கு’ன்னு சொன்ன உடனே திரும்பி, நான் ஏதாவது விட்டுட்டேனான்னு பாரு.”

அது வேலை செய்தது. கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் அவன் தலையைத் திருப்பிப் பாதையைப் பார்ப்பான், அந்த ஒரு கணத்தில் ஆபிதா முந்திவிடுவாள். மூன்றாவது வாரத்தில் யாரோ தவறவிட்ட ஒரு வாட்சைக்கூடக் கண்டெடுத்தான்.

தேர்வுக்குப் போக லீவு கேட்டபோது பஸ் முதலாளி ஹனீஃபா யோசித்தார். “எட்டு நாளா? அப்ப மாம்பழச்சாலையில வண்டியை யாருப்பா துரத்துவா? பாசஞ்சரெல்லாம் அதைப் பாக்கத்தானே நம்ம வண்டியில ஏறுறாங்க!” என்றார். பிறகு மனம் இளகி, ஓட்ட உடையின் முதுகில் தன் பஸ்ஸின் பெயரைப் போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். உள்பக்கமாவது போடச் சொன்னார். அப்துல் ரஹீம் உள்பக்கம் எம்பிராய்டரி போட்டுக் கொடுத்தார். அது ஆபிதாவுக்கு முதுகில் அரித்தது.

தேர்வு பெங்களூருவில். ஆபிதா இரண்டாவதாக வந்தாள். ஐம்பத்தொன்பது விநாடிக்குக் கீழே, இதுவரை அவள் ஓடாத வேகம். ஆனால் மூன்றாவதாக வந்த பெண்ணின் பயிற்சியாளர் புகார் கொடுத்துவிட்டார். இவர்கள் ரகசிய சங்கேத மொழி பயன்படுத்துகிறார்களாம். ஓர் அதிகாரி செந்தமிழனை உட்காரவைத்து விசாரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

“மாம்பழச்சாலை என்றால் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மேங்கோ ரோடு, சார்.”

“ஓடும்போது அதை ஏன் சொன்னாய்?”

செந்தமிழன் ஆபிதாவிடம், “என்னக்கா சொல்ல?” என்றான். “உண்மையைச் சொல்லு,” என்றாள்.

“நெக்ஸ்ட் ஸ்டாப், சார்.”

அதிகாரி விதிப் புத்தகத்தை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். காகிதம் புரளும் சத்தம் ஆபிதாவுக்கு ஆயுசு முழுக்கக் கேட்டது போலிருந்தது. கடைசியில் அவர் பேனாவை எடுத்து, எழுதுவதை வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார்: “மேங்கோ ரோடு. அனுமதிக்கப்படுகிறது.”

பாராலிம்பிக் போட்டிக்காகப் பாரீஸுக்குப் போனார்கள். விமானத்தில் செந்தமிழன் புட்போர்டு பக்கத்து சீட் கேட்டான். ஸ்டேடியத்தில் இறங்கியதும் ஆபிதாவின் காதில் கிசுகிசுத்தான்: “அக்கா, தரையெல்லாம் கத்திரிப்பூ கலருக்கா. ஜனம் பாத்தா வைகுண்ட ஏகாதசிக்கு வந்த மாதிரி இருக்கு. மேல பாக்காதீங்க, மயக்கம் வரும்.”

“நான் பாக்கல,” என்று உறுதி கொடுத்தாள் ஆபிதா.

முதல் சுற்றில் அந்தக் கூட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது. துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் போட்ட சத்தத்தில் மற்ற கைடுகளின் குரல் அவர்கள் பக்கத்திலேயே ஓடுகிறவர்களுக்குக் கேட்கவில்லை. ஏர்ஹாரனுக்கு மேலே, எதிர்வண்டி ஏர்ஹாரனுக்கும் மேலே ஐந்து வருஷமாகக் கத்திப் பழகிய தொண்டை செந்தமிழனுடையது. “அம்மா மண்டபம்! மண்டபமெல்லாம் முன்னால வா!” என்றது அது. பக்கத்து லேனில் ஓடிய பெண்கூட அந்தக் குரலுக்கு வளைந்தாள் என்று பிரான்சி பிற்பாடு சத்தியம் செய்தாள். ஆபிதா அரையிறுதிக்கும் போனாள், அங்கிருந்து இறுதிக்கும் போனாள்.

ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு லேன் வேண்டும் என்பதால் இறுதியில் நாலே ஜோடிதான். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். அத்தனை ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அமைதியில் ஆபிதாவுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஊரிலே அவளுக்கு அமைதி என்று ஒன்றே கிடையாது. மிஷின் சத்தம், பள்ளிவாசல் பாங்கு, ஆட்டோ, அம்மா. இங்கே ஒன்றும் இல்லை. நாடாவின் மறுமுனை மட்டும் விட்டுவிட்டு மேலே இழுபட்டது.

“பயமா இருக்கா?” என்றாள் உதட்டசையாமல்.

“பயம் இல்லக்கா. சில்லறைப் பை இல்லாம தோளு ஒரு மாதிரி இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடித்தது.

“சத்திரம் எடு!”

பாலத்தில் சாய்ந்தாள். மாம்பழச்சாலையில் நிமிர்ந்தாள். முன்னால் மூன்று ஜோடிக் கால்கள் கேட்டன. அம்மா மண்டபத்தில் தொடை எரிய ஆரம்பித்தது. “ராஜகோபுரம்! போட்டி பஸ்ஸு பக்கத்துல! விடாதீங்கக்கா, விடாதீங்க!” மூன்றாவது ஜோடியின் மூச்சு அவள் தோளுக்கு நேராக வந்தது. இன்னும் இரண்டு எட்டு, ஒன்றரை எட்டு. “எறங்கு!” என்றான். நெஞ்சைத் தள்ளினாள். செந்தமிழன் திரும்பிப் பார்த்தான்.

நாலாவது. மூன்றாவது ஜோடிக்கும் அவர்களுக்கும் ஒரு முழம்கூட இல்லை.

செந்தமிழன் அழுதான். அழுகையும் அதே தொண்டையிலிருந்துதான் வந்தது, நாலாம் வரிசை வரை கேட்டிருக்கும். “நான் திரும்பிப் பாக்காம இருந்திருந்தா வேகமா வந்திருப்போம்க்கா.”

“நீ திரும்பலன்னா நாம லிஸ்ட்லயே இருந்திருக்க மாட்டோம். அழாத. வாழைப்பழம் சாப்பிடு.”

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பழம் உரித்தார்கள். அவள் ஓடியதிலேயே வேகமான ஓட்டம் அது, நிறைவாகத்தான் இருந்தது. பாதி சாப்பிட்டிருக்கும்போது ஒருவர் ஓடிவந்து பிரெஞ்சில் ஏதோ படபடவென்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்.

“இங்க சாப்பிடக் கூடாது போலக்கா,” என்று பழத்தோலை ஒளித்தான் செந்தமிழன்.

பின்னாலேயே பிரான்சி வந்தாள். மூன்று மாடி இறங்கி ஓடிவந்ததில் பேச்சு வரவில்லை. “கைடு,” என்றாள். “அந்த மூணாவது ஜோடி. கைடு. முந்திட்டான். அரையடி. வீடியோவுல பாத்து அடிச்சுட்டாங்க.” ஒரு மூச்சு இழுத்தாள். “வெண்கலம் ஆபிதா! உனக்கு வெண்கலம்! அடேய் உனக்கும்தான்டா, கைடுக்கும் மெடல் உண்டு!”

செந்தமிழன் பிரான்சியைத் தூக்கிச் சுற்றினான். ஆபிதாவுக்கும் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் நாலு பெஞ்சு தள்ளி ஒரு பெண் விசும்புவது கேட்டது. பக்கத்தில் ஓர் ஆண் குரல் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. பாஷை தெரியாவிட்டாலும் அது மன்னிப்பு என்று தெரிந்தது. நாடாவை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த ஒருவனின் குரலும் இதே மாதிரிதான் இருந்தது.

ஆபிதா சுவரைத் தொட்டுக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது? கையில் இருந்த பாதிப் பழத்தை நீட்டினாள். அந்தப் பெண் தடவிப் பார்த்து, அது என்ன என்று புரிந்ததும், அழுகையின் நடுவிலேயே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வாங்கித் தின்றாள். பிறகு தன் கைடுக்கும் ஒன்று வேண்டும் என்று சைகையாக ஆபிதாவின் ஒற்றை விரலைப் பிடித்து அவன் பக்கம் நீட்டினாள். செந்தமிழன் போய் ஒரு சீப்பே எடுத்து வந்தான்.

திருச்சி விமான நிலையத்தில் மாலை, மேளம், மூன்று கட்சிக்காரர்கள், ஹனீஃபா. மூக்கன் மட்டும் செந்தமிழனிடம், “இனிமே உன்னை விட்டுட்டு வண்டியை எடுக்க மாட்டேன்டா,” என்று தழுதழுத்தார். “அய்யய்யோ, அப்புறம் எப்படிண்ணே பிராக்டிஸ் பண்றது?” என்றான் அவன்.

மறுநாள் மத்தியானம் ஆபிதா அலுப்பில் படுத்துத் தூங்கிவிட்டாள். செந்தமிழன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் தூங்குவதற்கு முன் அம்மா அவளுடைய பதக்கத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள்.

“பின்னாடி புள்ளி புள்ளியா இருக்கே, என்ன எழுதியிருக்கு?”

“பிரெயில்மா. ஊர் பேரும் வருஷமும்.”

“உன் பேரு?”

“இல்லம்மா.”

“பேரே இல்லையா?” என்ற அம்மாவின் குரலில் பெரிய அதிர்ச்சி. “அப்ப தொலைஞ்சுபோனா யாருதுன்னு எப்படித் தெரியும்?”

ஆபிதா விழித்தபோது, சுவர் ஆணியில் மாட்டியிருந்த பதக்கம் இல்லை. செந்தமிழனுடையதும் இல்லை. அம்மாவும் இல்லை.

“பாத்திரக்கடைக்குப் போறேன்னாங்கக்கா,” என்றான் அவன், வாயில் சோற்றோடு.

ஆபிதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு எவர்சில்வர் டம்ளரிலும் பெயர் வெட்டி வைத்திருக்கிறவள் அம்மா. நாடாவைத் தேட நேரமில்லை. அவன் கழுவாத கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சந்தைக் கடந்து, கடைவீதிக் கூட்டத்தைக் கடந்து, ஒரு மாட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். கடை வாசலை எட்டும்போதே பெயர் வெட்டுகிற மிஷினின் ‘கிர்ர்ர்’ சத்தம் கேட்டது.

“அம்மா! நிறுத்தச் சொல்லு!”

கிர்ர் நின்றது. “ஏம்மா,” என்றார் கடைக்காரர் குழப்பத்தோடு, “அ போட்டு, புள்ளி வச்சு, ஆபி வரைக்கும் வெட்டிட்டேனே.”

ஆபிதா கையை நீட்டி வாங்கினாள். வழுவழுப்பான உலோகத்தில் புதிதாக, சொரசொரப்பாக, சூடாக ஒரு கோடு. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பாதிப் பெயரோடு ஒரு பதக்கத்தை உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, விக்கி, கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தா-வையும் போட்டுருங்க,” என்றாள் மூச்சு வந்ததும்.

“அண்ணே, எனக்கும்,” என்றான் செந்தமிழன். “முழுப் பேரு. கீழே முசிறின்னும்.”

“அவ்வளவுக்கு இடம் பத்தாதே தம்பி.”

“ஓரத்துல சுத்திக் கொண்டு போங்கண்ணே.”

கடைக்காரர் மிஷினை மறுபடி ஓடவிட்டார். “உபயம் ஏதாவது போடணுமா?” என்று கேட்டார். “வேண்டாம்,” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வெட்டி முடிந்ததும் அம்மா இரண்டு பதக்கத்தையும் வாங்கி, தூசியை ஊதி, சேலை முந்தானையால் அழுத்தித் துடைத்து, இரண்டையும் இருவர் கழுத்திலும் மாட்டினாள்.

“இப்ப எவன் எடுத்துட்டுப் போறான்னு பாப்போம்,” என்றாள்.